ராக்கர் நட்டில் அரைச் சுற்று

ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினின் வால்வு கவர்களைக் கழற்றினால் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு ராக்கர் ஆர்ம்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஸ்டட், அதன் மேல் ஒரு நட்டு. கேம் ஷாஃப்டை மாற்றிவிட்டுத் திரும்பப் பூட்டும்போது அந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று நாலு பேரிடம் கேளுங்கள். ஒரு சுற்று என்பார் ஒருவர். அரைச் சுற்று போதும் என்பார் அடுத்தவர். கால் சுற்றைத் தாண்டினால் பவர் போச்சு என்பார் மூன்றாமவர். நான்காவது ஆள் ரேஸ் ஓட்டுபவர். தொட்டும் தொடாமலும் விட்டுவிடு என்பார். வேடிக்கை என்னவென்றால், நாலு பேருடைய எஞ்சினும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நட்டு எதையும் இறுக்கிப் பிடிக்கும் வேலையைச் செய்யவில்லை என்பதுதான் காரணம். கீழே, எஞ்சின் பிளாக்குக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் ஒரு சின்ன பிளஞ்சர் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த ஆழத்துக்குத்தான் ப்ரீலோடு என்று பெயர். சுற்று என்பது அந்த ஆழத்தைச் சொல்ல ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான். பல சமயம் ஏமாற்றும் குறுக்கு வழியும்கூட.

முதலில் இந்தப் பிளஞ்சர் எதற்கு வந்தது என்று பார்த்துவிடுவோம். எஞ்சின் சூடேறும்போது எல்லாப் பாகமும் நீள்கிறது, ஆனால் எல்லாம் ஒரே அளவில் நீள்வதில்லை. ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் நீளும். எஃகு 12 மைக்ரான்தான். கேமிலிருந்து ராக்கர் வரை 200 மி.மீ. தூரம், 80 டிகிரி சூடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அலுமினிய பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்து 0.37 மி.மீ. உயரும். நடுவில் நிற்கும் எஃகு புஷ்ராடு 0.19 மி.மீ. மட்டுமே நீளும். மீதி 0.18 மி.மீ. இடைவெளியாகிவிடும். இன்னொரு பக்கம் எக்ஸாஸ்ட் வால்வு தணலாகக் காய்ந்து நீண்டு, அந்த இடைவெளியில் கொஞ்சத்தைத் தின்னும். வால்வு உட்காரும் சீட்டு தேயத் தேய வால்வின் தண்டு மேலே ஏறும். கேமும் ராக்கரும் தேய்ந்தால் அதற்கு எதிர்த் திசையில் பிளே கூடும்.

இத்தனையையும் சமாளிக்கப் பழைய காலத்து வழி எளிமையானது. சூடேறினாலும் முட்டாத அளவுக்கு முன்கூட்டியே ஓர் இடைவெளி விட்டு வைப்பது. நம் ஊர் மெக்கானிக்குகள் ஃபீலர் கேஜை நுழைத்து டேப்பெட் செட் பண்ணுவது இதைத்தான். 1964-65 கொர்வெட்டின் 365 குதிரைசக்தி எஞ்சினிலும், 1967 முதல் 69 வரை வந்த கமாரோ இசட்28-இலும் இருந்த கேமுக்கு 'முப்பது முப்பது' என்றே பெயர். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு, அதாவது 0.76 மி.மீ. அந்த இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரும்பு இரும்பைத் தட்டித்தான் கடக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு அந்தச் சத்தம் சங்கீதம். மற்றவர்களுக்குத் தலைவலி.

சத்தமே கூடாது என்று காசை அள்ளிக் கொடுத்த பணக்காரர்களுக்காகத்தான் ஆயில் உள்ளே வந்தது. 1930-இல் வந்த கேடிலாக் வி16 எஞ்சினில் ராக்கரின் அச்சில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் இடைவெளிச் சரிப்படுத்தி இருந்தது. 1933-இல் பியர்ஸ் ஆரோ நிறுவனம் அதே வேலையை லிஃப்டருக்குள்ளேயே வைத்துவிட்டது. பிறகு சில பத்தாண்டுகளில் சாதாரண அமெரிக்கக் குடும்பக் காரிலும் அது வந்துவிட்டது.

லிஃப்டர் என்பது கேமின் மேல் உட்காரும் உருளை. ஷெவ்ரோலே வி8-இல் அதன் விட்டம் 0.842 அங்குலம், ஏறக்குறைய 21.4 மி.மீ. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இரும்புத் துண்டு போலத்தான் இருக்கும். உள்ளே குடைந்து, ஒரு பிளஞ்சரை மிக நெருக்கமாகப் பொருத்தியிருப்பார்கள். சுவருக்கும் பிளஞ்சருக்கும் நடுவில் இருக்கும் சந்து சில மைக்ரான்தான். பிளஞ்சரின் தலையில் புஷ்ராடு உட்காரும் குழி. அடியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங், ஒரு வழி மட்டும் ஆயிலை விடும் சின்னஞ்சிறு வால்வு. பிளஞ்சர் வெளியே துள்ளி விழாமல் வாயில் ஒரு கம்பி வளையம்.

கேமின் அடிவட்டத்தில் லிஃப்டர் ஓய்வாக இருக்கும்போது அந்த மெல்லிய ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி, இருக்கிற இடைவெளியை மூடுகிறது. காலியான இடத்தில் ஆயில் வந்து நிரம்புகிறது. கேமின் மேடு லிஃப்டரைத் தூக்கியதும் சின்ன வால்வு அடைத்துக்கொள்கிறது. இப்போது அடியில் மாட்டிக்கொண்ட ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. முனையை விரலால் அடைத்த, தண்ணீர் நிரம்பிய ஊசிக்குழலை அழுத்திப் பாருங்கள், கை வலிக்குமே தவிரப் பிஸ்டன் நகராது. அதே கதைதான். லிஃப்டர் அந்தக் கணத்துக்குக் கெட்டி இரும்பாகிறது. அந்தச் சில மைக்ரான் சந்து வழியாகத் துளி ஆயில் கசியும். வால்வு மூடியதும் ஸ்பிரிங் மறுபடி தள்ளி, கசிந்த அளவை நிரப்பிக்கொள்ளும். அந்தக் கசிவு வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால், ஒருமுறை நீண்ட பிளஞ்சர் திரும்பச் சுருங்கவே முடியாது.

பிளஞ்சர் ஓடக்கூடிய மொத்தத் தூரம் சாதாரண லிஃப்டரில் ஏறக்குறைய 4 மி.மீ. மாடலுக்கு மாடல் மாறும். இந்த 4 மி.மீ. கிணற்றில் வால்வு மூடியிருக்கும்போது பிளஞ்சர் எங்கே நிற்கிறது? வளையத்தை முட்டிக்கொண்டு உச்சியில் நின்றால், மேற்கொண்டு விழும் இடைவெளியை மூட அதற்கு இடமில்லை. தரையைத் தொட்டுக்கொண்டு நின்றால், வால்வுத் தண்டு நீளும்போது இறங்கிக் கொடுக்க இடமில்லை. வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கைச் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகிவிடும். ஆகவே பிளஞ்சர் நடுவில் எங்கோ நிற்க வேண்டும். நடுவில் எங்கே என்பதுதான் அந்த நாலு பேரின் சண்டை.

இங்கே ஒரு கணக்கு. ஸ்மால் பிளாக்கின் ராக்கர் ஸ்டட்டில் அங்குலத்துக்கு 24 மரை. நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அது 1.06 மி.மீ. இறங்கும். எனவே பிளஞ்சரும் 1.06 மி.மீ. இறங்கியிருக்கும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. நட்டு அமர்வது ராக்கரின் நடுவில். ராக்கரின் ஒரு முனை வால்வின் மேல் இருக்கிறது. வால்வை மூடிவைத்திருப்பது பெரிய ஸ்பிரிங், அது அசையாது. மறுமுனையில் இருக்கும் பிளஞ்சரைத் தாங்குவதோ கையால் அமுக்கக்கூடிய ஸ்பிரிங். ஆக நடுவை அழுத்தும்போது வால்வு முனை நிலையாக நிற்க, புஷ்ராடு முனைதான் முழுக்க இறங்கிக் கொடுக்கிறது. ராக்கர் விகிதம் 1.5 என்றால், வால்விலிருந்து நடு வரை 1.5 பங்கு, புஷ்ராடு வரை 2.5 பங்கு. நட்டு 1.06 இறங்கினால் புஷ்ராடு 1.76 மி.மீ. இறங்கும். அரைச் சுற்றுக்கு 0.88, கால் சுற்றுக்கு 0.44.

பிளஞ்சரின் இடைவெளி தீர்ந்த இடத்திலிருந்து ஒரு முழுச் சுற்று இறுக்கு என்று ஷெவ்ரோலேயின் பழைய பணிமனைக் கையேடு சொன்னதற்கு இப்போது பொருள் புரிகிறது. பிளஞ்சரை ஏறக்குறைய நட்ட நடுவில் நிறுத்துவதுதான் அவர்கள் நோக்கம். மேலே தேய்மானத்துக்கு ஒரு பாதி, கீழே வால்வு சீட்டு இறங்குவதற்கு ஒரு பாதி. பிறகு வால்வு கவரைத் திறக்கவே தேவையில்லை. குடும்பக் காருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அதே அரைச் சுற்று வேறு எஞ்சினில் வேறு ஆழம். ஷெவ்ரோலே பிக் பிளாக்கின் ஸ்டட்டில் அங்குலத்துக்கு 20 மரை, ராக்கர் விகிதம் 1.7. அங்கே ஒரு சுற்றுக்குப் புஷ்ராடு 2 மி.மீ. இறங்கிவிடும். 'அரைச் சுற்று வை' என்று ஒருவர் சொன்னால், எந்த ஸ்டட், எந்த ராக்கர் என்று திருப்பிக் கேட்பதே முறை.

ஆனால் நடைமுறையில் தப்பு நடப்பது அரைச் சுற்றில் அல்ல, அதற்கு முன்னால். எங்கிருந்து அந்த அரைச் சுற்றை எண்ண ஆரம்பிப்பது? இடைவெளி சரியாகப் பூஜ்ஜியமாகும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புஷ்ராடை உருட்டிக்கொண்டே நட்டை இறக்கு, உருட்ட இழுவையாகத் தெரியும்போது நிறுத்து என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆயில் நிரம்பாத புது லிஃப்டரில் இது கவிழ்த்துவிடும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு மெல்லியது. பூஜ்ஜியத்தைத் தாண்டி, பிளஞ்சர் இறங்க ஆரம்பித்த பிறகும் எண்ணெய் தடவிய புஷ்ராடு விரலில் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். கைக்கு இழுவை தெரிவதற்குள் அரைச் சுற்று போயிருக்கும். அதன்மேல் இன்னோர் அரைச் சுற்றை வைத்துவிட்டு, அரைச் சுற்றுதான் வைத்தேன் என்று சத்தியம் செய்வார் மெக்கானிக்.

உருட்டாதீர்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புஷ்ராடை லேசாகப் பிடித்துத் தூக்கினால், இடைவெளி இருக்கும்வரை ராக்கரின் குழியில் 'டிக்' என்று மிக மெலிதாக ஒரு தட்டு விரலுக்குத் தெரியும். நட்டை ஒரு நூலளவு இறக்கி மறுபடி ஆட்டுங்கள். அந்தத் தட்டு எந்த இடத்தில் காணாமல் போகிறதோ அதுதான் பூஜ்ஜியம். மேலிருந்து பார்க்கும்போது லிஃப்டர் தெரிகிற எஞ்சின் என்றால் இன்னும் நல்லது. பிளஞ்சர் வளையத்தை விட்டு நகரும் கணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதற்கும் முன்னால், அந்த லிஃப்டர் கேமின் அடிவட்டத்தில்தான் இருக்கிறதா என்பது நிச்சயமாக வேண்டும். ஒன்றாம் சிலிண்டரை மேல் புள்ளியில் நிறுத்திப் பாதி வால்வுகள், ஆறாம் சிலிண்டரை நிறுத்தி மீதிப் பாதி என்று கையேடு ஒரு சுலப வழி சொல்கிறது. கம்பெனி கேமுக்கு அது சரி. வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் ரேஸ் கேமில் சில லிஃப்டர்கள் அப்போது மேட்டின் ஓரத்தில் ஏறி நிற்கக்கூடும். அங்கே வைத்த பூஜ்ஜியம் பொய்ப் பூஜ்ஜியம். அதனால் சிலிண்டர் சிலிண்டராகப் போவதுதான் பாதுகாப்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அந்தச் சிலிண்டரின் இன்டேக்கை வைக்க வேண்டும். இன்டேக் முழுதாகத் திறந்து ஏறக்குறைய மூடி வரும்போது எக்ஸாஸ்ட்டை வைக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான்.

இனி, பவர் போச்சு என்றவரின் கட்சிக்கு வருவோம். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால், கேம் கீழே இறங்கும் வேகத்துக்கு வால்வால் ஈடுகொடுக்க முடியாது. ராக்கருக்கும் புஷ்ராடுக்கும் நடுவில் ஒரு கணம் வெற்றிடம் விழும். இடைவெளியைக் கண்டால் மூடுவதுதான் லிஃப்டர் அறிந்த ஒரே வேலை. ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் பிளஞ்சரை மேலே தள்ளிவிடும். அடுத்த சுற்றில் வால்வு மூட வரும்போது புஷ்ராடு தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். வால்வு சீட்டில் உட்காராது, கம்ப்ரஷன் போகும், எஞ்சின் முக்கும். இதைத்தான் லிஃப்டர் 'பம்ப்-அப்' ஆகிவிட்டது என்கிறார்கள். பழியை லிஃப்டர் மேல் போட்டாலும், நோய் பெரும்பாலும் வால்வு ஸ்பிரிங்கில் இருக்கிறது. நல்ல ஸ்பிரிங் போடாமல் ப்ரீலோடைக் குறைத்துக் குறைத்து மருந்து தேடுவது வீண் வேலை.

ஆனாலும் சிறிய ப்ரீலோடுக்கு ஒரு நியாயம் உண்டு. பிளஞ்சர் 0.88 மி.மீ. ஆழத்தில் நின்றால், பம்ப்-அப் ஆகும்போது அந்த 0.88-ம் மேலே ஏறலாம். 1.5 விகித ராக்கரில் வால்வு 1.3 மி.மீ. திறந்தே நிற்கும். 0.1 மி.மீ. ஆழத்தில் நின்றாலோ, ஏறியவுடன் வளையத்தில் முட்டி நின்றுவிடும். வால்வில் 0.15 மி.மீ.க்கு மேல் போகாது. ரேஸ் ஓட்டுபவர் தொட்டும் தொடாமலும் விடச் சொல்வது இதனால்தான். அவர் சொல்ல மறப்பது, அவருடைய லிஃப்டரில் அந்த அடியைத் தாங்கும் தடித்த பூட்டு வளையம் இருப்பதை. சாதாரண லிஃப்டரின் மெல்லிய கம்பி வளையம் தொடர்ந்து வாங்கும் முட்டில் தெறித்து வந்துவிடலாம். தெறித்த கம்பி எஞ்சினுக்குள் எங்கே போகும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இன்னொன்று, அலுமினிய எஞ்சினில் குளிர்ந்த நிலையில் 0.1 மி.மீ. வைத்தால், முதலில் பார்த்த அந்த 0.18 மி.மீ. கணக்கு மொத்தத்தையும் விழுங்கிவிட்டு டேப்பெட் சத்தத்தை மிச்சம் வைக்கும்.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் இருக்கிறது. ஸ்மால் பிளாக்குக்குப் பிறகு வந்த ஷெவ்ரோலேயின் எல்எஸ் வகை எஞ்சின்களைக் கட்டுபவர்களில் சிலர் பிளஞ்சரை ஆழத்திலேயே நிறுத்துகிறார்கள். காரணம் ஆயிலின் விறைப்பு. ஆயிலை அமுக்கவே முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது முழு உண்மை இல்லை. முழுதாகத் திறந்த வால்வு ஸ்பிரிங்கின் விசை 150 கிலோ என்று வைத்தால், 1.5 ராக்கர் விகிதத்தில் பெருகி லிஃப்டரில் 225 கிலோ விழும். பிளஞ்சரின் பரப்பு சுமார் 2 சதுர செ.மீ. என்றால் அடியில் 110 பார் அழுத்தம். 3 மி.மீ. உயர ஆயில் தூண் அந்த அழுத்தத்தில் 0.02 மி.மீ. குறுகும். இது பொருட்டில்லை. ஆனால் ஆயிலில் நுரை கலந்து இரண்டு சதவீதம் காற்றுக் குமிழி இருந்தால், குமிழிகள் நசுங்குவதில் மட்டுமே 0.06 மி.மீ. போய்விடும். தூண் பாதி உயரமாக இருந்தால் இழப்பும் பாதிதான். அதனால்தான் ஆழமாக நிறுத்துகிறார்கள். நியாயமான வாதம். ஆனால் தரைக்கு நெருக்கமாக நிற்பவருக்குப் பிழைக்கு இடம் குறைவு. பதினாறு வால்வையும் அளந்து கட்டியவருக்குத்தான் அது பொருந்தும்.

என்னைக் கேட்டால், தெருவில் ஓடி எப்போதாவது டிராக்குக்குப் போகும் ஸ்மால் பிளாக்குக்கு, சாதாரண லிஃப்டரோடு, உண்மையான பூஜ்ஜியத்திலிருந்து அரைச் சுற்று. அதற்கு மேல் புத்திசாலித்தனம் வேண்டாம். லிஃப்டர் செய்தவர் தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான் வேதம். குறுகிய ஓட்டம் உள்ள ரேஸ் லிஃப்டர்களில் அரைச் சுற்று வைத்தால் பிளஞ்சர் ஒரேயடியாகத் தரையில் இடித்துவிடலாம்.

1997 கொர்வெட்டில் வந்த எல்எஸ்1 எஞ்சினோடு இந்த நட்டு விளையாட்டே முடிந்துவிட்டது. அங்கே ராக்கரின் போல்ட்டை 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் வேலை முடிந்தது, அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை. பிளஞ்சரின் ஆழத்தைப் புஷ்ராடின் நீளமே தீர்மானிக்கிறது. கம்பெனி நீளம் 7.4 அங்குலம். எஞ்சினில் கை வைக்காதவரை அது சரி. ஹெட்டை 0.7 மி.மீ. சீவினால் ராக்கர் அவ்வளவு கீழே இறங்கும், ப்ரீலோடு 0.7 கூடும். தடித்த கேஸ்கெட் போட்டால் குறையும். பெரிய கேம் போட்டால் இன்னும் நுட்பம். பேரிங் துளை வழியாக நுழைய வேண்டியிருப்பதால் மேட்டை உயர்த்த முடியாது, அடிவட்டத்தைத்தான் சின்னதாக்குவார்கள். லிஃப்டர் அந்த அளவுக்குத் தாழ்ந்து உட்காரும், ப்ரீலோடு குறையும். இந்தக் கூட்டல் கழித்தலை ஊகத்தில் செய்வதைவிட, நீளம் மாற்றக்கூடிய ஓர் அளவுப் புஷ்ராடை வாங்கி அளப்பது மலிவு.

இதெல்லாம் அமெரிக்க வி8 சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை திருவொற்றியூரில் தயாரான ராயல் என்ஃபீல்டின் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் டேப்பெட் செட்டிங் ஞாயிற்றுக்கிழமைச் சடங்காக இருந்தது. 2009-இல் வந்த கிளாசிக்கின் யுசிஇ எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் வந்து அந்தச் சடங்கை நிறுத்தின. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் சில விநாடிகள் 'டக் டக்' என்று தட்டினால், திறந்த நிலையில் நின்ற வால்வின் லிஃப்டரிலிருந்து ஆயில் கசிந்திருக்கலாம். மறுபடி நிரம்பியதும் அடங்கிவிடும்.

இதே பொறுமை ஸ்மால் பிளாக்குக்கும் வேண்டும். செட் செய்தபின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எல்லா வால்வையும் இன்னொரு தடவை பாருங்கள். எஞ்சின் ஓடும்போது நட்டை இறுக்குவதாக இருந்தால், கால் சுற்று, பிறகு பத்து விநாடி காத்திருப்பு, மறுபடி கால் சுற்று. ஆயில் கசிந்து பிளஞ்சர் இறங்க அந்த நேரம் வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் கெட்டியாக நிற்கும் லிஃப்டர் வால்வைத் தள்ளித் திறந்துவிடும். சத்தம் கேட்டவுடன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பாருங்கள், நட்டு எங்கும் ஓடிப் போகாது.